3500 சொற்களும் ஒரு வயிற்றுவலியும்

1990-களின் நடுவில் திருப்பரங்குன்றத்தில் ஒரு புத்தகம் கை மாறிக்கொண்டே இருந்தது. அமெரிக்க மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்கு அங்குள்ள பாரன்ஸ் பதிப்பகம் போட்ட வழிகாட்டி. கருமுத்து தியாகராசன் செட்டியார் 1957-ல் இங்கே தொடங்கிய பொறியியல் கல்லூரியில் படித்து, மேற்படிப்புக்கு அமெரிக்கா கிளம்பும் அண்ணன் ஒருவர், விமானம் ஏறும் வாரத்தில் அதை அடுத்த ஆளிடம் ஒப்படைப்பார். அவர் கிளம்பும்போது அது இன்னொருவருக்குப் போகும். என்னிடம் வந்தபோது அட்டை போய், முதுகில் சணல் தைத்து, ஓரமெல்லாம் பல கைகளின் பென்சில் எழுத்தோடு இருந்தது. உள்ளே 3500 ஆங்கிலச் சொற்கள் அகர வரிசையில், பொருளோடு. கணக்குப் பகுதியும் மாதிரித் தேர்வுகளும்கூட அதில் இருந்தன. ஆனால் எங்களுக்கு அந்தப் பட்டியல்தான் புத்தகம். கணக்கைக் கண்டு எங்களில் யாரும் பயப்படவில்லை.

அப்படிப் படித்ததற்குத் தேர்வின் அமைப்பே காரணம். அன்றைய ஜிஆர்இயில் எதிர்ச்சொல் கேட்பார்கள். முன்னும் பின்னும் வாக்கியம் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு சொல் தாளில் நிற்கும். கீழே ஐந்து விடைகள். அந்தச் சொல்லை முன்பே தெரிந்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஊகிக்க ஒரு நூலிழையும் கிடைக்காது. ஒப்புமைக் கேள்விகளும் அதே மாதிரிதான். இரண்டு சொற்களுக்குள் என்ன உறவோ அதே உறவுள்ள இன்னொரு இணையைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, வீட்டில் நாவல்கள் கிடந்த பிள்ளைகளுக்கே அந்தச் சொற்கள் புதிது. ஹார்விபட்டியிலிருந்து சைக்கிளில் கல்லூரிக்குப் போய்வந்த எனக்கு அவை வேறு உலகம்.

படித்த இடங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சு முதலில். திருமங்கலம் பக்கம் போகும் வண்டி ஒன்று நின்று கிளம்பிவிட்டால் அடுத்த வண்டிவரை அங்கே சத்தமே இருக்காது. வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். அடுத்தது சரவணப் பொய்கைப் படிக்கட்டு. விடிகாலையில் குளிக்க வருபவர்கள் எங்களை வேதம் படிக்கும் பிள்ளைகள் என்று நினைத்திருப்பார்கள். ஒருவன் ஆங்கிலச் சொல்லைச் சொல்வான், இன்னொருவன் பொருளைச் சொல்வான். லிஃப்கோ அகராதி எங்கள் வீட்டில் இருந்தது. பாரன்ஸ் தந்த ஆங்கிலப் பொருள் புரியாவிட்டால் அதில் தமிழ்ப் பொருள் தேடுவேன். பல சொற்கள் அதிலும் இருக்காது. அப்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு சிம்மக்கல் மத்திய நூலகம்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். திண்ணையில் உட்கார்ந்து நான் பட்டியலை உருப்போடுவதைப் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்தார். பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்ததைப் பற்றிச் சொன்னார். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகள் கொண்டது. தெய்வப் பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று உலகத்தை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உள்ள எல்லாப் பெயர்களையும் விருத்தப்பாவில் கட்டித் தந்திருக்கிறார். பதினோராம் தொகுதி ஒரே சொல்லுக்கு உள்ள பல பொருள்களைச் சொல்வது. அதை எதுகை வரிசையில் அடுக்கியிருக்கிறார், நாக்குக்குப் பிடிபட வேண்டும் என்று. அகர வரிசையில் சொற்களை அடுக்கும் வழக்கம் அதற்குப் பிறகு, ரேவண சித்தரின் அகராதி நிகண்டில், 1594-ல் வந்தது.

"அப்ப நாங்க செய்யுறதும் அதுதானேங்கய்யா?" என்றேன்.

"இல்லப்பா. நிகண்டு படிச்ச பய தெருவுல இறங்குனா அங்கிட்டும் இங்கிட்டும் தமிழு. அவனுக்கு அந்தச் சொல்லு ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு வழியில சொந்தக்காரன். பேரு மட்டும்தான் அன்னைக்குத் தெரிஞ்சிக்கிறான். உனக்கு இதுல யாரைத் தெரியும்?"

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அன்று முழுதாக எட்டவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. நிகண்டு, ஏற்கெனவே மொழிக்குள் இருப்பவனை மேலும் ஆழத்துக்கு அழைத்துப் போகும் கருவி. செய்யுள் எழுதப் போகிறவனுக்கு ஒரே பொருளுக்குப் பத்துப் பெயர் வேண்டும், ஓசைக்கு ஏற்றபடி எடுக்க. மொழியின் வாசலிலேயே நிற்பவனிடம் அதே பத்துப் பெயரையும் கொடுத்தால் ஒன்றோடொன்று குழம்பிப் போகும். இதை 1990-களில் தாமஸ் டிங்க்கம் என்ற ஆய்வாளர் சோதனை வைத்தே காட்டினார் என்பதைப் பல வருடங்கள் கழித்துப் படித்தேன்: பொருள் நெருங்கிய புதிய சொற்களை ஒரே அமர்வில் கற்பவர்கள், தொடர்பில்லாத சொற்களைக் கற்பவர்களைவிட மெதுவாகவே கற்கிறார்கள். எங்கள் ஐயா அதைத் திண்ணையிலிருந்தே சொல்லிவிட்டார்.

அப்பாவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மதுரா கோட்ஸ் மில்லில் ஷிப்ட் வேலை. பள்ளிக்கூடம் அதிகம் பார்த்தவர் இல்லை. ஆனால் ஸ்பிண்டில், பாபின், ஸ்லைவர், ரோவிங், ரிங் ஃபிரேம், சிம்ப்ளெக்ஸ், கார்டிங், டாஃபிங் என்று அவர் வாயில் புழங்கிய ஆங்கிலச் சொற்கள் ஏராளம். ஒன்றையும் அவர் எழுதிப் படித்ததில்லை. இயந்திரத்தின் முன்னால் நின்று, கை பட்ட பொருளோடு சேர்த்து வாங்கிக்கொண்டவை. ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆன பின்பும் ஒரு சொல்லும் அவரிடமிருந்து உதிரவில்லை. அதே வீட்டில் நான் இரவெல்லாம் உருப்போட்ட சொற்களில் பாதி, தேர்வு முடிந்த மாதமே போய்விட்டன. 1885-ல் ஜெர்மானியரான எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து வெளியிட்டார். பொருளற்றவை முதல் ஒரு நாளிலேயே பெருமளவு போய்விடுகின்றன. எங்கள் பட்டியலில் பொருள் அச்சாகியிருந்தது, ஆனால் நாங்கள் கண்டதும் கேட்டதும் தொட்டதும் எதுவும் அதில் இல்லை. ஆக, அவையும் எங்களுக்கு வெறும் அசைகளே.

மதிப்பெண் வந்தது. டோஃபலும் எழுதினேன், 1964 முதல் நடக்கும் அந்த ஆங்கிலத் தேர்வு அன்று தாளில் இருந்தது, கேட்கும் பகுதிக்கு ஒலிநாடா ஓடும். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. போய்ச் சேர்ந்தேன்.

அங்கே எனக்கு வேண்டியிருந்த சொற்கள் வேறு. குளியலறைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் கடையில் என்ன கேட்டு வாங்குவது, தரை துடைக்கும் குச்சிக்கு என்ன பெயர், தோலில் தடிப்பு வந்தால் மருந்துக் கடையில் எப்படிச் சொல்வது. வாயாடித்தனத்துக்கு ஆங்கிலத்தில் என்னால் ஏழெட்டுச் சொற்கள் தர முடியும். தண்ணீர்க் குழாய்க்கு அந்த ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது.

முதல் குளிர்காலத்தில் ஓர் இரவு வயிற்றுவலி. தொப்புளைச் சுற்றிப் பிசைந்தது, பிறகு வலப்பக்கம் கீழே இறங்கிச் சுருக்கு சுருக்கென்று குத்த ஆரம்பித்தது. அறை நண்பன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனான். நர்ஸ் ஓர் அம்மா, நடு வயது. எப்படிப்பட்ட வலி என்று கேட்டார். வலியின் கடுமையைச் சொல்ல என்னிடம் பெரிய சொற்கள் இருந்தன, பட்டியலில் படித்தவை. அவற்றைச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, அது எவ்வளவு என்பதற்கு விடை, எப்படி என்பதை இன்னும் சொல்லவில்லையே என்றார். பிசைகிறது என்பதற்கும் குத்துகிறது என்பதற்கும் என்னிடம் ஆங்கிலம் இல்லை.

அந்த அம்மா பொறுமையாகச் சின்னச் சின்ன சொற்களாக எடுத்து வைத்தார். கூர்மையாக இருக்கிறதா, மந்தமாக இருக்கிறதா? இறுக்கிப் பிடித்துப் பிறகு விடுகிறதா? விட்டு விட்டு வருகிறதா? இடம் மாறியதா? ஒவ்வொன்றையும் கையால் செய்து காட்டினார். விரல்களை மடக்கிப் பிசைந்தார், விரல் நுனியால் குத்தினார். நான் ஆம், இல்லை என்றேன். இடம் மாறியதா என்ற கேள்விக்கு நான் சொன்ன ஆம்தான் முக்கியமாகப் போனது. தொப்புளருகே தொடங்கிச் சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு வந்து சேரும் வலி குடல்வால் அழற்சிக்கு உரிய அடையாளம். விடிவதற்குள் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது.

வலியைச் சொல்லும் சொற்களை ஒருவர் உட்கார்ந்து திரட்டியிருக்கிறார் என்று பின்னால் அறிந்தேன். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக், 1975-ல் 78 சொற்களை 20 குழுக்களாக வகுத்து ஒரு வினாத்தாள் வெளியிட்டார். துடிப்பவை ஒரு குழு, குத்துபவை ஒரு குழு, எரிபவை ஒரு குழு, இழுப்பவை ஒரு குழு. நோயாளி எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே மருத்துவருக்குத் தடயம். ஐயா இருந்திருந்தால் இதைத்தான் நல்ல நிகண்டு என்று ஒப்புக்கொண்டிருப்பார். உடம்புக்குள் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதற்குப் பெயர் தருகிறது அது.

இனி இன்றைய திருப்பரங்குன்றம்.

பெற்றோருக்கு வயதானதும் ஊருக்குத் திரும்பி வந்தேன். பெரியார் நிலையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது பழங்காநத்தம் தாண்டியதிலிருந்தே பார்க்கலாம், மாடிகளில் பலகைகள்: ஐஇஎல்டிஎஸ், ஓஇடி, ஜெர்மன். அன்று மொழித் தேர்வு என்றால் பொறியியல் படித்த சில பையன்களின் காரியம். இன்று ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் போக நினைக்கும் நர்ஸுகளின் காரியம். நைட் டியூட்டி முடித்துக் கண் சிவந்து, அப்படியே வகுப்பில் வந்து உட்காரும் பெண்கள். இவர்களில் பலரது வீட்டில் முதல் பட்டதாரி இவர்கள்தான்.

எங்கள் தெருவிலேயே ஒரு பெண். அம்மா கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிறார். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறாள். என்னை மாமா என்று கூப்பிடுவாள். ஒரு மாலை அவளும் அம்மாவுமாக வந்தார்கள். "அண்ணே, இவளுக்குக் கொஞ்சம் இங்கிலீசு சொல்லிக் குடுங்க. கிளாசுக்குப் போறா, ஆனா ராவெல்லாம் முனங்கிக்கிட்டே கெடக்கா, என்னத்தப் படிக்கிறான்னே தெரியல" என்றார் அம்மா.

அவள் செல்போனைக் காட்டினாள். பயிற்சி மையத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த சொற்பட்டியல். ஐஇஎல்டிஎஸ்ஸில் பேண்ட் எட்டு வாங்க அவசியமான சொற்கள் என்று தலைப்பு. விரலால் தள்ளிக்கொண்டே போனேன். ஒன்றன்பின் ஒன்றாக என் பழைய சொற்கள் வந்தன. சணல் தைத்த அந்தப் புத்தகத்தில் பென்சிலால் அடிக்கோடிட்டவை.

ஜிஆர்இ 2011 ஆகஸ்டில் எதிர்ச்சொல் கேள்வியையும் ஒப்புமைக் கேள்வியையும் அடியோடு எடுத்துவிட்டது. எந்தக் கேள்விக்காக அந்தப் பட்டியல் உண்டானதோ அந்தக் கேள்வியே இன்று இல்லை. பட்டியல் மட்டும் வேறு தேர்வின் பெயரை ஒட்டிக்கொண்டு, அது யாருக்குச் சற்றும் தேவையில்லையோ அந்தப் பெண்ணின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

ஐஇஎல்டிஎஸ் 1989-ல் வந்த ஆங்கிலத் தேர்வு. அதன் எழுத்திலும் பேச்சிலும் சொல்வளத்துக்குக் கால் பங்கு மதிப்பெண் உண்டு என்பது உண்மை. அதிகம் புழங்காத சொற்களைக் கையாளுவது மேல் பேண்டுகளுக்கான அளவுகோலில் வருகிறது, அதுவும் உண்மை. ஆனால் அதே வரியில் அந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும், எந்த இடத்தில் பொருந்தும் என்ற அறிவும் கேட்கப்படுகிறது. பட்டியல் விற்பவர்கள் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். எதிரே உட்கார்ந்திருக்கும் தேர்வாளர், மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைக் கண்டுகொள்ளப் பயிற்சி பெற்றவர்.

இவளுக்கு அந்தத் தேர்வேகூடக் கட்டாயமில்லை. பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் ஐஇஎல்டிஎஸ்ஸில் கேட்டல், வாசித்தல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 கேட்கிறது. 2017 முதல் அதற்குப் பதில் ஓஇடியையும் ஏற்கிறது. ஓஇடி ஆஸ்திரேலியாவில் 1980-களின் கடைசியில் மருத்துவத் துறையினருக்கென்றே உருவான தேர்வு. எழுத்துப் பகுதியில் நர்ஸுக்கு ஒரு கடிதம்: நோயாளியின் குறிப்புகளை ஐந்து நிமிடம் படித்துவிட்டு, 40 நிமிடத்தில், 180 முதல் 200 சொற்களுக்குள், அவரை அடுத்து கவனிக்கப் போகிறவருக்கு எழுத வேண்டும். எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்பதற்கும் மதிப்பெண். பேச்சுப் பகுதியில் இரண்டு நாடகங்கள். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ நடிப்பார். தேர்வு எழுதுபவள் நர்ஸ். பயந்துபோன ஒரு தகப்பனிடம், மருந்து வேண்டாமென்று முரண்டு பிடிக்கும் ஒரு பாட்டியிடம், ஐந்து நிமிடம் பேச வேண்டும். நோயாளியின் கவலையைக் காதில் வாங்கினாளா, உறவை வளர்த்தாளா, புரியும்படி சொன்னாளா என்பதெல்லாம் அளவுகோலிலேயே எழுதியிருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு அந்தக் குளிர்கால இரவின் நர்ஸ் அம்மாதான் கண்முன் வந்தார். அவர் அன்று எனக்குச் செய்ததையே இந்தத் தேர்வு கேட்கிறது. ஆனால் அதற்குத் தயாராகும் பெண்ணுக்கு, அன்று என் கையில் இருந்து எதற்கும் உதவாத பட்டியலைக் கொடுத்திருக்கிறார்கள்.

அவளுடைய உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பேசிப் பார்த்ததும் தெரிந்தது. மருத்துவச் சொற்கள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டிஸ்ப்னியா, எடிமா, வெர்ட்டிகோ, ஹைப்பர்டென்ஷன், நான்கு வருடம் ஆங்கிலத்திலேயே படித்துத் தேர்வு எழுதியவள். மூச்சு வாங்குதா, கால் வீங்கியிருக்கா, தலை சுத்துதா என்று வார்டில் தமிழில் தினமும் கேட்கிறாள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சாதாரண மனிதர்களின் ஆங்கிலம்தான் அவளிடம் இல்லை. கல்லூரி அதைக் கற்பிக்கவில்லை, இங்கே தேவையும் இல்லை. ஓஇடியிலோ நோயாளியிடம் டிஸ்ப்னியா என்று சொன்னால் மதிப்பெண் குறையும். சாதாரண சொல்லில் சொல்ல வேண்டும்.

"மாமா, அப்ப நான் படிச்சதையெல்லாம் மறக்கணுமா?" என்று கேட்டாள். பாவமாக இருந்தது.

மறக்க வேண்டாம், கீழே ஒரு வரி சேர்த்துக்கொள் என்றேன். ஒரு நோட்டு போட்டோம். இடப்பக்கம் வார்டில் அன்று நோயாளி சொன்னது, அவர் சொன்ன தமிழிலேயே. வலப்பக்கம் பிரிட்டனில் ஒரு பஸ் டிரைவரோ ஒரு பாட்டியோ அதையே எப்படிச் சொல்வார் என்று முழு வாக்கியமாக. தனிச் சொல் எழுதக் கூடாது.

அந்த இடப்பக்கத்தை இப்போது புரட்டினால் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. விண்விண்ணுன்னு தெறிக்குது. கடுகடுன்னு கடுக்குது. காதுக்குள்ள குடையுது. நெஞ்சை அடைக்குது. குறுக்கு விட்டுப்போச்சு. கால் மதமதன்னு இருக்கு. சோழவந்தானிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வந்து படுத்திருப்பவர்கள் சொன்னவை. மெல்சாக்கின் 78 சொற்களுக்கு இணையான ஒரு திரட்டு எங்கள் தெருவிலும் வார்டுகளிலும் கிடக்கிறது, அதை ஒருவரும் மருத்துவக் கல்விக்குள் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலம் தேடும்போது அவள் மொழிபெயர்க்கவில்லை. அந்த ஆளை நினைத்துக்கொள்கிறாள். ஏழாம் நம்பர் படுக்கைத் தாத்தா சொன்னாரே, அந்த வலி. ஆகவே சொல் நிற்கிறது. அப்பாவுக்கு பாபின் நின்ற மாதிரியே நிற்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். வலிச் சொற்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் படிக்க விடவில்லை. ஒரு நாள் துடிக்கும் வலி, அன்று வேறு எந்த வலியும் கிடையாது. கூடவே மாத்திரை சாப்பிடும் முறை, கட்டுப் பிரிப்பது, நடக்க உதவுவது. சில நாள் கழித்துக் குத்தும் வலி. படித்ததைத் திரும்ப வரவழைக்க, 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் சொன்ன அட்டைப்பெட்டி முறை: சரியாகச் சொன்ன அட்டை பின்னறைக்குப் போய்ச் சில நாள் கழித்து வரும், தவறியது முன்னறையிலேயே இருந்து நாளையே வரும். அதைச் செய்ய இப்போது செல்போனிலேயே ஆங்கி என்ற செயலி இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது பார்த்துக்கொள்கிறாள்.

பொதுவான சொல்வளம் வேண்டும் என்பவர்களுக்கும் நல்ல பட்டியல்கள் உண்டு, அவை அரிய சொற்களின் பட்டியல்கள் இல்லை என்பதே செய்தி. டாக்காவில் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளத்துப் பிள்ளைகள் குறைந்த சொற்களை வைத்தே ஆங்கிலம் வாசிக்க வேண்டும் என்று உழைத்தவர். அவர் 1953-ல் வெளியிட்ட பட்டியலில் ஏறக்குறைய 2000 சொற்கள்தான். நியூசிலாந்தின் அவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் கல்வி நூல்களை அலசி 570 சொற்குடும்பங்களைத் தேர்ந்தார். எந்தத் துறை நூலை எடுத்தாலும் ஏறத்தாழ 10 விழுக்காடு அவைதான். இந்த இரண்டையும் வாக்கியத்தோடு தெரிந்துகொண்டவளுக்கு ஐஇஎல்டிஎஸ் வாசிப்புப் பகுதி எட்டாத ஒன்றில்லை. இந்தப் பட்டியல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொழித் தேர்வுக்கு முன்னால் நாம்தான் எப்போதும் நின்றோம் என்பதில்லை. 1812-ல் கம்பெனி அதிகாரி எல்லிஸ் முன்னின்று சென்னைக் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கியபோது, இங்கிலாந்திலிருந்து வந்த இளம் அதிகாரிகள் தமிழ்ப் புலவர்களிடம் பாடம் கேட்டுத் தேர்வு எழுதினார்கள். தேறினால் சம்பளம் ஏறும். வீரமாமுனிவர் 1732-ல் முடித்த சதுரகராதி 1824-ல் அச்சேறியது அந்தக் கல்லூரியால்தான். அவர்களுக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவரான தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதைகளை எளிய உரைநடையில் எழுதினார். நேற்று வந்த ஒருவன் வழக்கில் வாதம் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் அவனுக்கு நிகண்டைவிடக் கதை உதவும் என்பது அந்த ஆசிரியர்களுக்குத் தெரிந்திருந்தது. இருநூறு வருடம் கழித்து, நோயாளியிடம் பேசப் போகும் நம் பெண்களுக்கு அந்த அளவு கருணையுள்ள பாடம் கிடைக்க வேண்டாமா? தமிழ்நாடு அரசுக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென்றே 1978 முதல் ஒரு நிறுவனம் இருக்கிறது. 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் நத்தம் சாலையில் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அங்கே நிறைந்திருக்கிறார்கள். அதில் ஓர் அறையில் வாரம் ஒருமுறை நர்ஸுகள் கூடி ஒருவருக்கொருவர் நோயாளியாக நடித்துப் பழகலாம். அதற்கு நாலு நாற்காலியும் பேச அனுமதியும் போதும்.

புத்தகம் கை மாறிய வழக்கம் வேறு உருவில் தொடர்வதில் எனக்கு மகிழ்ச்சி. அவளோடு படித்த அக்கா ஒருத்தி இப்போது இங்கிலாந்தின் வடக்கே ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள். அங்கிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள். அந்த ஊர்க் கிழவர்கள் உடம்பு சரியில்லை என்பதற்கு பூர்லி என்று சொல்வார்கள், மோசம் என்று எடுத்துக்கொள்ளாதே. சிறுநீர்ப் போக்கில் தொந்தரவு என்றால் வாட்டர்வொர்க்ஸ் என்று கூச்சத்தோடு சொல்வார்கள், குழாய் ரிப்பேர் என்று நினைக்காதே. காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் டீ வேண்டுமா என்று கேள், அப்புறம்தான் பி.பி. எந்தப் பட்டியலிலும் இல்லாத பாடங்கள் இவை. அவள் ஒவ்வொன்றையும் நோட்டில் ஏற்றிவிடுகிறாள், தனக்குப் பின்னால் வரும் இரண்டு ஜூனியர்களுக்கும் அனுப்பிவிடுகிறாள்.

இப்போது சாயங்காலங்களில் எங்கள் வீட்டு முன்னறையில் நாடகம் நடக்கிறது. நோயாளி என் அம்மா. எழுபது தாண்டியவர், முழங்கால் வலி, சர்க்கரை; நடிக்கவே தேவையில்லை. அம்மா தமிழில் குறை சொல்வார், அவள் ஆங்கிலத்தில் கேட்பாள், நான் நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் சொல்லித் தருவேன். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று அதட்டாமல் கேட்பது நேற்றைய பயிற்சி. வாக்கியம் பிழையில்லாமல் வந்தது, உச்சரிப்பும் தெளிவு. எனக்குத் திருப்தி. அம்மாவுக்கு இல்லை.

"இங்கிலீசு என்னவோ நல்லாத்தான் இருக்கு. ஆனா தாயி, நீ என் மூஞ்சியப் பாக்காம அந்த அட்டையையே பாத்துக்கிட்டுக் கேக்குற. அப்படிக் கேட்டா நான் மாத்திரை முழுங்கிட்டேன்னு பொய்யச் சொல்லிருவேன்."

ஓஇடியின் அளவுகோலில் உள்ளதைத்தான் அம்மா சொன்னார். அவள் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

"சரிங்க அப்பத்தா, திரும்பக் கேக்குறேன். மாமா, நீங்க மணி பாத்துக்கங்க, அஞ்சு நிமிசம்."